பழைய கார் எஞ்சினுக்கு அந்தக் காலத்து ட்யூனிங் பாகங்கள்: தேடி வாங்குவது முதல் செட் பண்ணி ஓட்டுவது வரை

இரட்டை வெபர் கார்புரேட்டரை மாட்டிவிட்டால் எஞ்சினுக்குத் தானாகப் பலம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அப்படி வராது. பல நேரம் இருந்த பிக்கப்பும் போய்விடும். காரணம், 1950கள் முதல் 1970கள் வரை விற்பனைக்கு வந்த ட்யூனிங் பாகங்களில் நல்லவை எல்லாமே ஒரு செட்டாக யோசித்துச் செய்யப்பட்டவை. ஹெட், வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய ஐந்தும் ஒரே ஆர்பிஎம் வரம்புக்குள் சேர்ந்து வேலை செய்தால்தான் பலன் தெரியும். ஒன்றை மட்டும் தனியே வாங்கி மாட்டினால், மீதி நாலும் அதைப் பின்னுக்கு இழுக்கும்.

அந்தக் காலத்து ட்யூனர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பிரிட்டனில் டவுன்டன் எஞ்சினியரிங்கின் டேனியல் ரிச்மண்ட், மினியின் ஹெட்டைச் சீர்செய்து கார்புரேட்டர், அதை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டு ஆகியவற்றுடன் சேர்த்தே விற்றார். 1949இல் தொடங்கிய அபார்த், ஃபியட் கார்களுக்கு மாற்றுப் பாகங்களை முழுப் பெட்டியாகவே கொடுத்தது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஓட்டிங்கரின் ஓக்ராசா கிட், பீட்டில் எஞ்சினுக்கு இரட்டை கார்புரேட்டருடன் அதற்கேற்ற இரட்டைப் போர்ட் ஹெட்டையும் சேர்த்துத் தந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1938இல், அமெரிக்காவில் விக் எடெல்பிராக் ஃப்ளாட்ஹெட் ஃபோர்டு வி8க்கு ‘ஸ்லிங்ஷாட்’ மேனிஃபோல்டைச் செய்தார். அதன்மேல் ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள் இரண்டு உட்காரும். இன்று அந்தப் பெட்டிகள் பிரிந்து, பாகம் பாகமாக வெவ்வேறு கைகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, மீண்டும் ஒரு செட்டாக்குவதுதான் நம் வேலை.

வாங்கும் முன்: இருக்கிற எஞ்சினை அளந்து பாருங்கள்

எந்தப் பாகத்தையும் தேடுவதற்கு முன் இப்போதைய எஞ்சினின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரெஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது, டைமிங் செயின் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

தேய்ந்த எஞ்சினில் ட்யூனிங் பாகம் மாட்டுவது பணத்தைக் கரைக்கும் வேலை. கூடுதல் கம்ப்ரெஷனும் கூடுதல் ஆர்பிஎம்மும் முதலில் தாக்குவது பழைய பேரிங்கைத்தான்.

அப்புறம் கார் எதற்கு என்று தீர்மானியுங்கள். சாலையில் ஓட்டும் காருக்கு 2000 முதல் 5500 ஆர்பிஎம்முக்குள் இழுக்கும் எஞ்சின் வேண்டும். பந்தயக் காருக்கு 4500க்கு மேல்தான் கணக்கு. இந்த வரம்பைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். எனவே கேமை முதலில் முடிவு செய்யுங்கள், கார்புரேட்டரின் அளவு அதைப் பார்த்து வரட்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்க்க அழகான கார்புரேட்டரை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எஞ்சினைத் தேடுகிறார்கள்.

வரலாற்றுப் பந்தயங்களில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பின்னிணைப்பு ‘கே’ விதிகளின்படி, அந்தக் காரின் ஹோமாலகேஷன் படிவத்தில் (அந்த மாடலைப் பந்தயத்துக்கு அங்கீகரித்த பதிவில்) உள்ள பாகங்கள், அல்லது அந்தக் காலத்திலேயே அந்த மாடலில் பயன்பட்டதற்குச் சான்றுள்ள பாகங்கள்தான் செல்லும். அந்தப் படிவத்தில் மேனிஃபோல்டு, ஹெட் போன்றவற்றின் படமும் அளவும் இருக்கும். பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கும் அது தங்கச் சுரங்கம். உங்கள் காருக்கு எந்தப் பாகம் உண்மையிலேயே பொருந்தியது என்பதற்கு அதைவிட நம்பகமான தாள் அரிது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

பெயரை நம்பி வாங்காதீர்கள், எண்ணைப் படித்து வாங்குங்கள். வெபரின் இரட்டைத் துளை கார்புரேட்டரை ‘40 டிசிஓஇ’ என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். 40 என்பது த்ராட்டில் துளையின் விட்டம், மி.மீ. கணக்கில். அதற்குப் பிறகு வரும் எண்தான் முக்கியம்: 40 டிசிஓஇ 2, 40 டிசிஓஇ 18, 45 டிசிஓஇ 9, 45 டிசிஓஇ 152 என்றெல்லாம் இருக்கும். லோட்டஸ் எலானில் வந்தது 40 டிசிஓஇ 18. இந்த வகை எண் மாறினால் உள்ளே இருக்கும் புரொகிரெஷன் துளைகளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, ஐடிலிலிருந்து மெயின் ஜெட்டுக்கு (ஜெட் என்பது பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையிட்ட சிறு திருகு) போகும் இடைவெளியில் பெட்ரோல் தருவது அந்தத் துளைகள்தான். வெவ்வேறு வகை எண் கொண்ட இரண்டை ஜோடி என்று மாட்டினால், இரண்டு சிலிண்டர் ஒரு மாதிரியும் மற்ற இரண்டு வேறு மாதிரியும் ஓடும். எத்தனை முறை ஜெட் மாற்றினாலும் சரியாகாது. ஆக, ஜோடியில் இரண்டின் வகை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெபர் என்பது எடோர்டோ வெபர் 1923இல் இத்தாலியின் பொலோன்யாவில் தொடங்கிய நிறுவனம். பின்னாளில் உற்பத்தி ஸ்பெயினுக்குப் போனது. பழைய உடல்களில் ‘பொலோன்யா’ என்ற வார்ப்பெழுத்து இருக்கும். சேகரிப்பவர்கள் அதற்குத் தனி மதிப்புத் தருகிறார்கள். ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது வேறு: த்ராட்டில் ஷாஃப்ட். லிவர் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த இடைவெளி வழியே காற்று உறிஞ்சும், ஐடில் ஒருபோதும் நிலைக்காது. டிசிஓஇயில் ஷாஃப்ட் பேரிங்கில் சுழல்வதால் சரிசெய்வது எளிது. பழைய பிரிட்டிஷ் கார்களில் வந்த எஸ்யூ கார்புரேட்டரில் ஷாஃப்ட் நேரடியாக உடலிலோ புஷ்ஷிலோ சுழலும். தேய்ந்திருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புதுப் புஷ் போட வேண்டும், லேத் வேலை வேண்டியிருக்கும்.

எஸ்யூவில் இன்னொன்று. மேலே குடுவை போல இருக்கும் டாஷ்பாட்டும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்ட ஜோடி. சுத்தம் செய்யும்போது இரண்டு கார்புரேட்டரின் பிஸ்டன்களை மாற்றிப் போட்டுவிட்டால் வேலை கெட்டது. விற்பவர் ஒரு பெட்டி நிறையப் பாகங்களைக் கொட்டிக் காட்டினால், ஒவ்வொரு பிஸ்டனும் அதன் டாஷ்பாட்டுக்குள் விரலால் தூக்கிவிட்டதும் தடையில்லாமல் இறங்கி ‘டக்’ என்று உட்காருகிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வார்ப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. அலுமினிய மேனிஃபோல்டும் ஹெட்டும் தண்ணீர் போகும் ஓட்டைகளைச் சுற்றி அரித்துப்போயிருக்கும். வெல்டிங் வைத்து நிரப்பலாம், ஆனால் கேஸ்கட் உட்காரும் இடம்வரை அரித்திருந்தால் யோசியுங்கள். ஒரு முறை கடுமையாக ஓவர் ஹீட் ஆன அலுமினிய ஹெட் மென்மையாகிப் போயிருக்கும். வாங்குவதற்கு முன் கடினத்தன்மை சோதிக்க வழியிருந்தால் விடாதீர்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த மிகப் பழைய பாகங்களில் மேற்பரப்பு வலைப்பின்னல் போல வெடித்து, அளவே ஊதிப்போயிருந்தால் அதற்கு மருந்து கிடையாது. கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உள்ளிருந்தே உதிரும் நோய் அது. மெக்னீசியப் பாகமென்றால் வெள்ளைப் பொடி பூத்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியும்.

விரிசலுக்கு இரும்பு, எஃகுப் பாகங்களில் காந்தத்தூள் சோதனை, அலுமினியத்தில் சாயம் ஊடுருவும் சோதனை. எஞ்சினில் பளு தாங்கும் எந்தப் பழைய பாகத்தையும் இந்தச் சோதனை இல்லாமல் உள்ளே விடக்கூடாது. கனெக்டிங் ராடு, ராக்கர் ஷாஃப்ட், லேசாக்கப்பட்ட ஃப்ளைவீல் எல்லாம் இதில் சேர்த்தி. அதிலும் ஃப்ளைவீல் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைக் கடைந்து லேசாக்கி, அது ஆறாயிரம் ஆர்பிஎம்மில் சிதறினால் கிளட்ச் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்ப்பது

பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள், ஒவ்வொரு ஜெட்டின் மேலும் பொறித்த எண்ணை எழுதுங்கள். அப்புறம் ஜெட்டுகளை ஒரு நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்த ஜெட்டின் வாயில் கீறல் தெரியும், சிலர் துளையைப் பெரிதாக்கியும் வைத்திருப்பார்கள். மேலே 120 என்றிருக்கும், உள்ளே 130 அளவு துளை இருக்கும். சந்தேகம் வந்தால் புது ஜெட் போடுவதுதான் நல்லது. ஒரு கார்புரேட்டரில் மலிவான பாகமும் ஜெட்தான், எல்லாக் கணக்கையும் குழப்பக்கூடியதும் ஜெட்தான்.

உடலைச் சுத்தம் செய்ய அல்ட்ராசானிக் தொட்டி நல்லது. கண்ணாடிமணி பீச்சி அடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்த மணிகள் உள்ளே இருக்கும் சிறு வழிகளில் ஒளிந்துகொண்டு, ஓடும்போது வெளியே வந்து சிலிண்டருக்குள் போகும். ஹெட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆயில் வழிகளில் மாட்டிக்கொண்டால் பேரிங் போய்விடும்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அந்தக் காலத்து ரப்பர், தக்கை கேஸ்கட், டயாஃப்ரம் எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் குழாய் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 தரத்தில் இருக்கட்டும். இது ட்யூனிங் பற்றிய பேச்சு இல்லைதான், ஆனால் சூடான எக்ஸாஸ்டுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் மற்ற எதுவும் மிஞ்சாது.

இனி அளவு கணக்கு. டிசிஓஇயில் தீர்மானிக்க வேண்டிய முதல் அளவு சோக், அதாவது உள்ளே கழற்றி மாட்டக்கூடிய வென்சுரி. அதுதான் காற்றின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சோக் பெரிதானால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு கிடைக்கும், கீழே காற்றின் வேகம் குறைந்து பெட்ரோல் சரியாகத் தூவாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு துளை என்று அமைந்த, 6000 ஆர்பிஎம்மில் உச்ச சக்தி தரும் 1600 சி.சி. எஞ்சினுக்கு 32 மி.மீ. நல்ல தொடக்கம். சாலைக் கார் என்றால் 30கூடப் போதும். எந்த உடலிலும் அதன் துளை விட்டத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சோக் போட்டுப் பயனில்லை. 40க்கு 36, 45க்கு 40 என்பது உச்சம்.

சோக் முடிவானதும் மெயின் ஜெட்டுக்கு ஒரு பழைய விதி: சோக்கின் மி.மீ. அளவை நாலால் பெருக்குங்கள். 32 × 4 = 128. எனவே 125 அல்லது 130. பெட்ரோலோடு கலக்கும் காற்றை அளக்கும் ஏர் கரெக்டர் ஜெட் அதைவிட ஐம்பது கூடுதலாக, 175 அல்லது 180. அந்தக் காற்றும் பெட்ரோலும் கலக்கும் எமல்ஷன் குழாய் இந்த அளவு சிலிண்டருக்கு எஃப்11 அல்லது எஃப்16. இவை எல்லாம் வண்டியைக் கிளப்பி, சோதிக்கும் இடம்வரை கொண்டுபோகும் எண்கள் மட்டுமே.

பலர் கவனிக்காமல் விடுவது ஐடில் ஜெட். சாலையில் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 3000 ஆர்பிஎம் வரை, எஞ்சின் ஐடில் ஜெட்டிலும் புரொகிரெஷன் துளைகளிலும்தான் ஓடுகிறது. மெயின் ஜெட் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும். ‘நகரத்துக்குள் மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். ஐடில் ஜெட்டில் 50எஃப்8 என்று பொறித்திருந்தால், 50 என்பது பெட்ரோல் துளை, எஃப்8 என்பது காற்றுத் துளையின் வகை. இந்த எஃப் எண்கள் வரிசைப்படி போவதில்லை என்பதை மனதில் வையுங்கள். எஃப்8ஐவிட எஃப்9 பெட்ரோல் அதிகம் தரும், எஃப்6 அதையும் விட அதிகம், எஃப்2 எஃப்8ஐவிடக் குறைவு.

ஃப்ளோட், அதாவது பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தைப் பார்ப்பதற்கு மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, ஊசி வால்வின் பந்து அழுந்தாத அளவுக்கு ஃப்ளோட்டைத் தொங்கவிட்டு, கேஸ்கட்டிலிருந்து அளக்க வேண்டும். பித்தளை ஃப்ளோட் உள்ள பல 40, 45 உடல்களில் இது 8.5 மி.மீ., முழுதாக இறங்கியதும் 15 மி.மீ. வகை எண்ணுக்கு ஏற்ப மாறும் என்பதால் உங்கள் எண்ணுக்கான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். மின்சாரப் பம்ப் மாட்டியவர்கள் ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

மேனிஃபோல்டில் மாட்டும்போது ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செய்யும். டிசிஓஇயை இறுக்கி முடுக்கக் கூடாது. நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நேராகக் கார்புரேட்டருக்கு ஏறி, ஃப்ளோட் அறையில் பெட்ரோல் நுரைத்துவிடும். அப்போது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் காரணமே தெரியாமல் மிஸ்ஸிங் வரும். இதற்காகத்தான் ரப்பர் வளையம் உள்ள தகடும், ஸ்டட்டில் தாக்ரே எனப்படும் இரட்டைச் சுருள் வாஷரும் கொடுத்தார்கள். நட்டை இறுக்கும்போது அந்தச் சுருள்களுக்கிடையே சுமார் ஒரு மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். ஃபைலர் கேஜ் விட்டுப் பாருங்கள். பிறகு கார்புரேட்டரைக் கையால் அசைத்தால் லேசாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். நட் தானாகக் கழலாத வகையாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

டெல்லோர்ட்டோ டிஎச்எல்ஏ, மிக்கூனி-சோலக்ஸ் பிஎச்எச் ஆகியவையும் இதே குடும்பம்தான். அணுகுமுறை ஒன்றே, ஜெட் எண்கள் மட்டும் ஒன்றுக்கொன்று செல்லாது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் டெல்லோர்ட்டோவின் கீழ்நிலை ஓட்டம் மென்மையாக இருப்பதாகச் சொல்வதுண்டு, நானும் அந்தக் கட்சி.

ஹெட்டும் கம்ப்ரெஷனும்

பழைய ‘ஹை கம்ப்ரெஷன்’ ஹெட் கிடைத்தால், அதில் எழுதியிருக்கும் விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஐம்பது வருடத்தில் எத்தனை முறை அதை இழைத்தார்களோ யாருக்கும் தெரியாது. நீங்களே அளந்துவிடுங்கள். கணக்கு எளிது: ஒரு சிலிண்டரின் கொள்ளளவையும் பிஸ்டன் மேலே இருக்கும்போது மிஞ்சும் இடத்தையும் கூட்டி, மிஞ்சும் இடத்தால் வகுத்தால் விகிதம் வரும்.

உதாரணமாக மினியில் வந்த 1275 சி.சி. ஏ-சீரிஸ் எஞ்சின். போர் 70.6 மி.மீ., ஸ்ட்ரோக் 81.28 மி.மீ. ஒரு சிலிண்டர் 318.2 சி.சி. விகிதம் 9 வேண்டுமானால் மிஞ்சும் இடம் 39.8 சி.சி. 10 வேண்டுமானால் 35.4 சி.சி. வித்தியாசம் 4.4 சி.சி. மட்டுமே. 72 மி.மீ. துளையும், அழுந்திய பின் 1 மி.மீ. தடிமனும் உள்ள ஹெட் கேஸ்கட் தனியாகவே 4.07 சி.சி. பிடிக்கும். அதாவது கேஸ்கட்டைக் கணக்கில் விட்டுவிட்டால் உங்கள் விகிதம் கிட்டத்தட்ட ஒன்று தப்பிப் போகும். கேஸ்கட், பிஸ்டன் தலையில் உள்ள குழி, பிளாக்கின் மேற்பரப்புக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி மூன்றையும் ஹெட்டின் அறையோடு சேர்த்தே கூட்ட வேண்டும்.

அறையை அளக்க ஹெட்டைக் கவிழ்த்து சமமட்டத்தில் வைத்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, சிறு துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் தடவி மேலே ஒட்டி, பியூரெட்டால் மெல்லிய எண்ணெயை நிரப்புங்கள். எவ்வளவு இழைக்க வேண்டும் என்று தெரிய ஒரு குறுக்கு வழி உண்டு. தகட்டை எடுத்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய சி.சி. அளவு திரவத்தை மட்டும் அறையில் ஊற்றி, ஹெட்டின் முகத்திலிருந்து திரவ மட்டம்வரை ஆழத்தை அளங்கள். அந்த ஆழம்தான் இழைக்க வேண்டிய அளவு. நாலு அறையிலும் செய்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட் ஹெட்டிலேயே கடைந்ததாக இருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல்தான் அதைத் தேயாமல் காத்துவந்தது. 2021இல் உலகத்தில் கடைசியாக அது விற்ற நாடும் நிறுத்திவிட்டது. எனவே எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் இன்செர்ட் போட்டுவிடுங்கள். அலுமினிய ஹெட்டில் முதலிலிருந்தே இன்செர்ட் இருக்கும். தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் ஜாக்கெட்டை அழுத்தச் சோதனை செய்துவிட்டே போர்ட்டிங் (காற்று வழிகளைச் சீர்செய்யும்) வேலைக்குப் போங்கள். வேலை முடிந்த பிறகு விரிசல் தெரிந்தால் மனசு தாங்காது.

கேம்ஷாஃப்ட்

பழைய கேம் வாங்கினால் அதன் டேப்பெட்டுகளை (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் துண்டுகள்) அதே வரிசையில், எந்த லோபில் (கேமின் மேடு) எது ஓடியது என்ற குறிப்போடு தந்தால்தான் அப்படியே பயன்படுத்தலாம். வரிசை தெரியாவிட்டால் புது டேப்பெட் போடுங்கள். தட்டை டேப்பெட் எனப்படும் வகையின் அடிப்பாகம் உண்மையில் மிக லேசாகக் குவிந்திருக்கும். லோபும் லேசாகச் சாய்வாகக் கடையப்பட்டிருக்கும். அதனால்தான் டேப்பெட் ஓடும்போது சுழல்கிறது, சுழல்வதால்தான் தேயாமல் இருக்கிறது. இரண்டு டேப்பெட்டை எடுத்து அடியோடு அடி சேர்த்துப் பிடியுங்கள். லேசாக ஆடினால் குவிவு மிச்சமிருக்கிறது. ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அல்லது நடுவில் வெளிச்சம் தெரிந்தால், ஆயுள் முடிந்தது.

கேம் ‘ரீகிரைண்ட்’, அதாவது மறுபடி அரைத்து வடிவம் மாற்றப்பட்டதா என்றும் பாருங்கள். அடிவட்டம் சிறுத்திருந்தால் வால்வு கியரின் கோணம் மாறும், புஷ்ராடு நீளத்தையோ ஷிம்மையோ திருத்த வேண்டியிருக்கும்.

பொருத்தும்போது டைமிங் வீலில் உள்ள புள்ளிகளை நேராக வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். டிகிரி வீலை (கோணம் குறித்த வட்டத் தகடு) கிராங்கில் மாட்டுங்கள். பிஸ்டன் மேலே வரும் இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் உச்சியில் பிஸ்டன் சில டிகிரிவரை அசையாதது போலவே இருக்கும். பிளக் துளையில் ஒரு தடுப்பை மாட்டி, கிராங்கை இரு பக்கமும் தடுப்பைத் தொடும்வரை மெதுவாகக் கையால் திருப்பி, இரண்டு அளவுக்கும் நடுவே பூஜ்யத்தை வையுங்கள். தடுப்பை எடுத்துவிட்டு முதல் சிலிண்டரின் இன்டேக் வால்வில் டயல் கேஜ் வையுங்கள். வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தையும் இதே வழியில் கண்டுபிடியுங்கள்: உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒரே லிஃப்ட் காட்டும் இரண்டு டிகிரிகளின் நடுப்புள்ளி. அது கேம் செய்தவர் தந்த அளவோடு பொருந்த வேண்டும். பெரும்பாலான கேம்களில் 100 முதல் 110 டிகிரிக்குள் வரும். வித்தியாசம் இருந்தால் ஆஃப்செட் கீ அல்லது அட்ஜஸ்ட் செய்யும் வீல் போட்டுத் திருத்தலாம். கேமில் ஒரு டிகிரி திருப்பினால் கிராங்கில் இரண்டு டிகிரி என்பதை மறக்கக் கூடாது.

லிஃப்ட் கூடியதால் இரண்டு இடம் இடிக்கலாம். ஒன்று, வால்வு ஸ்பிரிங் முழுதாக அழுந்திச் சுருள்கள் ஒட்டிக்கொள்வது. முழு லிஃப்டில் ஸ்பிரிங்குக்கு இன்னும் குறைந்தது ஒரு மி.மீ. அழுந்த இடம் மிஞ்ச வேண்டும். மற்றது, வால்வும் பிஸ்டனும் மோதுவது. பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணைக் கத்தியால் வெட்டி மிக மெல்லிய இடத்தை அளந்தால், இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. இருப்பது பாதுகாப்பு. பழைய ஸ்பிரிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள், எவ்வளவு புகழ்பெற்ற பெட்டியிலிருந்து வந்தாலும் சரி.

டிஸ்ட்ரிபியூட்டர், எக்ஸாஸ்ட், சூப்பர்சார்ஜர்

கேமும் கம்ப்ரெஷனும் மாறினால் எஞ்சினுக்கு வேண்டிய அட்வான்ஸும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி வரும் அளவும், மாறும். ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள கேம் கீழ் ஆர்பிஎம்மில் கூடுதல் அட்வான்ஸ் கேட்கும், மேலே பழைய அளவே போதும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரை மொத்தமாகத் திருப்பி வைத்தால் தீராது. உள்ளே உள்ள எடைகளின் ஸ்பிரிங்கையும் நிறுத்தும் அளவையும் மாற்ற வேண்டும். பழைய வடிவ ஹெட்டுகளில் மொத்தம் 32 முதல் 36 டிகிரி வழக்கம். டைமிங் லைட்டால் 1000 ஆர்பிஎம்முக்கு ஒரு தடவை அளந்து, ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒரு துளைக்கு ஒரு சிலிண்டர் என்று டிசிஓஇ மாட்டினால் நிலையான வாக்குவம் கிடைக்காது, ஆகையால் வாக்குவம் அட்வான்ஸ் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டர்தான் சரி. பிரேக் செர்வோ இருந்தால் அதற்கும் வாக்குவம் எங்கிருந்து எடுப்பது என்று முன்பே யோசியுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நாலு குழாய் இரண்டாகி ஒன்றாகும் வகை சாலைக்கு. நாலும் நேரே ஒன்றாகும் வகை மேல் ஆர்பிஎம்முக்கு. துருப்பிடித்த பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை, அதே வடிவில் புதிதாகச் செய்தால் எந்தக் குறையும் இல்லை.

ஜட்சன், ஷாராக் போன்ற பழைய சூப்பர்சார்ஜர்கள் மீது பலருக்கு ஆசை உண்டு, நியாயமான ஆசைதான். இவை தகடு சுழலும் வகை. உள்ளே தகடுகள் உறையில் உரசியபடி சுற்றுவதால் எண்ணெய் தொடர்ந்து கிடைத்தாக வேண்டும். ஜட்சனில் அதற்கென்று தனிப் புட்டியே வரும். புட்டியும் குழாயும் இல்லாமல் விற்கிறார்கள் என்றால் தகடுகளை வெளியே எடுத்து அளக்காமல் வாங்காதீர்கள். கம்ப்ரெஷன் கூட்டிய ஹெட்டோடு இதைச் சேர்க்கக் கூடாது. 8க்கு அருகில் உள்ள விகிதமே இதற்குப் பொருத்தம்.

முதல் ஸ்டார்ட்டும் செட்டிங்கும்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் பிரஷர் வரவைத்துவிடுங்கள். லோபிலும் டேப்பெட்டிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். ஆயிலில் இசட்டிடிபி, அதாவது துத்தநாகக் கலவை, தாராளமாக இருக்கட்டும். தட்டை டேப்பெட் எஞ்சினுக்கு இன்றைய கார்களின் மெல்லிய ஆயில் ஆகாது. எஞ்சின் பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐடிலில் லோபுக்கு ஆயில் தெறிப்பது குறைவு, ஸ்பிரிங் அழுத்தமோ முழுசாக இருக்கும். புதுக் கேம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களில்தான். ஆகவே பெட்ரோல், தீப்பொறி, தண்ணீர் எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

அப்புறம் வரிசை மாறாமல்: டேப்பெட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி, டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். முதல் மூன்றும் சரியில்லாமல் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்புவதில் அர்த்தமில்லை. கார்புரேட்டரில் முதலில் காற்றோட்ட மீட்டரால் எல்லாத் துளைகளும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி செய்யுங்கள், பிறகே மிக்ஸ்சர். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் உள்ளே திருப்பி, எஞ்சின் தடுமாறும் இடம் பார்த்து, மறுபடி வெளியே திருப்பி நன்றாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பெரிய மரை உள்ள பழைய டிசிஓஇயில் இது முக்கால் முதல் ஒரு சுற்றுக்குள் வர வேண்டும், நுண்மரை உள்ள பிந்தைய உடல்களில் இரண்டு, இரண்டரை சுற்று. அதைவிட நிறைய வேண்டியிருந்தால் ஐடில் ஜெட் சிறியது என்று பொருள்.

எஸ்யூவில் சோதனை இன்னும் அழகு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மி.மீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்குங்கள். ஆர்பிஎம் ஒரு கணம் ஏறி மீண்டும் இறங்கினால் சரி. ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. டாஷ்பாட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

மெயின் ஜெட்டைச் சாலையிலேயே ஊகித்துக்கொண்டிருக்காதீர்கள். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா சென்சார் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி ரோலிங் ரோடில் (சக்கரம் உருளைமேல் சுற்றும் சோதனை மேடை) ஓட்டினால், பல நாள் குழப்பம் ஒரு மதியத்தில் தீரும். முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13க்குள், சீரான வேகத்தில் 14க்கு அருகில் இருக்கட்டும். முழு வரம்பிலும் ஒரே மாதிரி தப்பினால் மெயின் ஜெட்டை மாற்றுங்கள். மேல் ஆர்பிஎம்மில் மட்டும் தப்பினால் ஏர் கரெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாக்கிங் சத்தம் லேசாகக் கேட்டாலும் உடனே காலை எடுத்துவிட்டு டைமிங்கைப் பாருங்கள்.

500 கி.மீ. ஓடிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மின்னும் தூள் இருந்தால் கேமும் டேப்பெட்டும் தேய ஆரம்பித்துவிட்டன. ராக்கர் கவரைத் திறந்து டேப்பெட் இடைவெளியை மறுபடி அளங்கள், ஒன்று மட்டும் கூடியிருந்தால் அந்த லோபைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹெட் நட்டுகளை, கேஸ்கட் செய்தவர் அப்படிச் சொல்லியிருந்தால், எஞ்சின் குளிர்ந்த பிறகு மறுபடி முறுக்குங்கள். தாக்ரே வாஷரின் இடைவெளியையும் பாருங்கள், ரப்பர் அமர்ந்து அது மாறியிருக்கும். கழற்றி வைத்த அசல் கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் எண்ணெய் தடவி, ஜெட் எண்கள் எழுதிய சீட்டோடு ஒரே பெட்டியில் போட்டு, காரோடு சேர்த்தே வைத்திருங்கள்.